இடித்தவர் நிற்க வேண்டும்

சஹனில் உட்காரத் தெரியாத மனிசனோடு சம்பந்தம் வைக்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் நான் துணிந்து சொல்வேன். கலியாண வீடுகளில் கிடாரம் வைத்துச் சோறாக்குவது என் தொழில். ஆறு பேர் தரையில் வட்டமாக இருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவதை எங்கள் பக்கத்தில் சஹன் என்போம். அதற்கென்று எழுதி வைக்காத சட்டங்கள் இருக்கின்றன. தனக்கு முன்னால் உள்ள சோற்றைத்தான் தொட வேண்டும். நடுவில் கிடக்கும் நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். மெதுவாகச் சாப்பிடுகிற ஒருவர் சஹனில் இருந்தால், வயிறு நிறைந்தவரும் கை கழுவ எழும்பாமல் ஒன்றிரண்டு பருக்கையைக் கிள்ளிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனிசன் வெட்கப்பட்டு அரை வயிற்றோடு எழும்பிவிடுவார்.

பந்தலுக்குப் பின்னால் அகப்பையோடு நின்று இதையெல்லாம் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். ஊரில் பாதிப் பேருடைய குணம் உங்களுக்குத்தான் தெரியும் என்று என் மனைவி கேலி செய்வாள். கேலிதான் என்றாலும் எனக்குள் அதில் ஒரு பெருமை இருந்தது.

எங்களுக்கு மேல் மாடியில் அஸீஸா மதினியின் குடும்பம். சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதில் கட்டிக்கொடுத்த மாடி வீடுகளில்தான் நாங்கள் இருக்கிறோம். காலமெல்லாம் கடற்கரை மணலில் வீடு கட்டி, வாசலில் முருங்கையும் தென்னையும் வைத்து வாழ்ந்த சனத்தை ஒருவர் தலைக்கு மேல் ஒருவராக அடுக்கிவிட்டார்கள். மேலே மதினி மா இடித்தால் கீழே எங்கள் கோப்பைகள் ஆடும். ஆனாலும் சண்டை போட எனக்கு வாய் வராது. அவருடைய கணவர் முத்தலிப் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன், என் காக்கா. அவரைக் கடல் கொண்டுபோன பிறகு, மகன் முபாறக்கும் மகள் அம்ஹாவும் சித்தப்பாவைக் கூப்பிடுவது போல சாச்சா, சாச்சா என்று என்னைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். முபாறக் மீன் ஏற்றுகிற ஐஸ் லொறி ஓட்டுகிறான். அம்ஹா கடைகளுக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அந்த மாடி வீடு அம்ஹாவுக்கு. மதினியும் முபாறக்கும் வாடகைக்கு ஒரு அறை பார்த்து வைத்திருந்தார்கள். அந்த வீடு சும்மா வந்த வீடில்லை. முத்தலிப் காக்கா போனதற்காகக் கிடைத்த வீடு. அதில் யார் வந்து பாய் விரித்துப் படுப்பது என்பது மதினிக்கு லேசான விசயமாக இருக்கவில்லை. வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தார்.

நாட்டில் யுத்தம் முடிந்து அடுத்த வருடம். கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வீசிய ஒரு நாளில், தரகர் முகைதீன்பாவா சம்மாந்துறையில் இருந்து ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தார். பெயர் அபுல் ஹஸன். நெல் ஆலைக் குடும்பம். படித்த பிள்ளை, பார்க்கவும் கண்ணுக்கு நிறைவு. சீதனம் என்று ஒரு வார்த்தை அவர்கள் வாயில் இருந்து வரவில்லை.

பெண் பார்க்க வந்த அன்று சமையல் என்னுடையது. நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, கோழிப் பொரியல், அன்னாசி அச்சாறு, கடைசியில் வட்டிலப்பம். மதினி காலையிலேயே என்னிடம் வந்து, "தம்பி, நீங்க அந்தப் பிள்ளையச் சஹன்ல ஒருக்காப் பாருங்க. நீங்க சரி எண்டா எனக்கும் சரி," என்று சொல்லிவிட்டார். இப்படி ஒரு பொறுப்பு வந்தால் எனக்கு நிலம் தெரியாது. கதவோரத்தில் நின்று கண் வெட்டாமல் பார்த்தேன்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோழித் தொடையைப் பக்கத்தில் இருந்த முபாறக்குக்குத் தள்ளினான். தன் கரையைத் தாண்டிக் கை போகவில்லை. அவனுடைய பெரியவாப்பா, ஆலைக்கார ஹாஜியார், பல் இல்லாத மனிசன். ஒவ்வொரு பிடியையும் வாயில் வைத்து ஊறவைத்துத்தான் விழுங்குவார். எல்லோரும் முடித்த பிறகும் ஹஸன் எழும்பாமல் விரலால் சோற்றைக் கிளறிக்கொண்டு பெரியவர் முடிக்கும்வரை இருந்தான். நான் நேரே குசினிக்குப் போய் மதினியிடம், "பிஸ்மில்லாச் சொல்லி முடிங்க," என்றேன். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

தேத்தண்ணி குடிக்கும்போது ஆண்கள் கதையில் இறங்கினார்கள். பாதை திறந்தது, சோதனைச் சாவடிகள் எடுபட்டது, நெல் விலை என்று போன கதை பொழுதுபோக்குக்கு வந்தது. ஹஸன் கொஞ்சம் கூச்சத்தோடு தன்னுடைய பைத்தியத்தைச் சொன்னான். வீட்டில் கொம்பியூட்டரில் ஸ்டியறிங் பூட்டி வைத்திருக்கிறானாம். வெள்ளிக்கிழமைகளில் இன்டர்நெட்டில் கார் ஓட்டப் போட்டி. கொழும்புப் பொடியன்களும் கட்டாரில் வேலை செய்கிற நம்மவர்களும் அதில் வருவார்களாம். அங்கே ஒருவரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. இவனுக்கு அங்கே பெயர் மில் கிங்.

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். முபாறக் மட்டும் சிரிக்கவில்லை. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் குடிக்காமலே கீழே வைத்தான். தேத்தண்ணி சுடுகிறது போல என்று நான் நினைத்தேன்.

அடுத்த நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மதினி மேலே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனால் வீடு மரண வீடு மாதிரி இருந்தது. முபாறக் சுவரில் சாய்ந்து தரையில் இருந்தான். அம்ஹா தையல் மெசினுக்கு முன்னால் தைக்காமல் இருந்தாள். இந்தக் கலியாணம் வேண்டாம் என்று மகன் சொல்கிறான், ஏன் என்று கேட்டால் வாய் திறக்கிறான் இல்லை என்று மதினி மூச்சு வாங்கச் சொன்னார். நான்தான் அவனை உலுக்கிக் கேட்டேன்.

"அந்த ஆள் இடிச்சிட்டு நிக்காமப் போறவன், சாச்சா," என்றான்.

"எங்கடா இடிச்ச? ஆர இடிச்ச?"

"என்னத்தான். வெள்ளிக்கிழமையில."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் விசயம் வெளியே வந்தது. இவனும் அந்தப் போட்டிக்குப் போகிறவன். கல்முனை பிரதான வீதியில் போனும் இன்டர்நெட்டும் உள்ள றஸாக்கின் கொம்யூனிகேசன் கடை இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே நாலைந்து பொடியன்கள் இருந்து ஓடுவார்கள். கிழமை முழுக்க லொறி ஓட்டி நாரி முறிந்தவன் ஓய்வு நாளிலும் போய்க் கார் ஓட்டுகிறானே என்று எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது. அங்கே இவனுடைய பெயர் ஐஸ் லொறி. ஐஸ் லொறி யார் என்று ஹஸனுக்குத் தெரியாது.

அந்தப் போட்டியில் உள்ள மரியாதைகளை முபாறக் விவரித்தான். வளைவில் ஒருவருடைய கார் பக்கத்தில் வந்துவிட்டால், அவருக்கு ஒரு காரின் அகலம் இடம் விட வேண்டும். ஒரு சுற்று முந்தியவர் பின்னால் வந்தால், பிந்தியவர் ஓரமாகப் போய் வழி கொடுக்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய மரியாதை இதுதான்: தெரியாமல் ஒருவரை இடித்து அவர் சுழன்று வெளியே போய்விட்டால், இடித்தவர் வேகத்தைக் குறைத்து நிற்க வேண்டும். விழுந்தவர் திரும்பிப் பாதைக்கு வந்து தன் இடத்தைப் பிடித்த பிறகுதான் இவர் போகலாம். இதைப் பார்க்கப் பொலிஸ் இல்லை. அவரவர் மனச்சாட்சிதான்.

"இது சஹன்ட சட்டந்தானே மனே," என்றேன் நான்.

"ஓம் சாச்சா. அதான் சொல்லுறன். மில் கிங் எண்டா அங்க எல்லாருக்கும் பயம். பின்னால வந்து குத்துவான். ஆள் உருண்டு போனாத் திரும்பியும் பார்க்கமாட்டான். ஒருநாளும் நிண்டதில்ல."

மதினி தலையில் கை வைத்துக்கொண்டார். கொம்பியூட்டர் விளையாட்டுக்காக ஒரு சம்பந்தத்தை முறிப்பதா, ஊர் கேட்டால் எந்த வாயால் சொல்வது என்று அழுதார். எனக்கும் கோபம் வந்தது. நான் பார்த்துச் சரி என்று சொன்ன மாப்பிள்ளையை இவன் யார் வேண்டாம் என்று சொல்ல? பெரியவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கை காயக் காய இருந்த பிள்ளையை நான் கண்ணால் பார்த்தேன், நீ கண்டது ஒரு பொம்மைக் காரை, அதற்குள் மனிசன் இருக்கிறானா என்று சத்தம் போட்டேன்.

முபாறக் சத்தம் போடவில்லை. "சாச்சா, சோதனைச் சாவடி இருந்த காலத்துல எல்லாரும் எப்பிடி ஓடின? லைட்ட அணைச்சி, மெதுவா வந்து, ஒருத்தன ஒருத்தன் முந்தாம நிண்டதுதானே? துவக்குக்காரன் பார்த்துக்கு நிண்டான். இப்ப சாவடி இல்ல. அதே ஆக்கள்தான் இப்ப ரோட்டுல மனிசன அரைக்கிற. நான் கிழமை முழுக்கப் பார்க்கிறன். பார்க்க ஆள் இல்லாத இடத்துல எப்பிடி ஓடுறானோ, அதான் சாச்சா அவன்."

அவன் எதை நினைத்துக் கதைக்கிறான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

சுனாமி அன்று காலை நானும் மதினியும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தோம். நான் அடுப்பு மூட்ட, மதினி வேறு பெண்களோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடல் வருகிறது என்று சத்தம் கேட்டதும் கடற்கரை வீட்டில் முபாறக் மோட்டார் சைக்கிளை எடுத்தான். நடுவில் அம்ஹா, பின்னால் முத்தலிப் காக்கா. ஒழுங்கையில் இருந்து பெரிய வீதிக்கு ஏறுகிற வளைவில் ஒரு வெள்ளை வேன் சைக்கிளின் ஹேண்டிலைத் தட்டிவிட்டது. மூன்று பேரும் விழுந்தார்கள். காக்காவின் கால் சைக்கிளுக்குக் கீழே போய் முறிந்தது. வேனில் இடம் இருந்ததாம். வேன் கொஞ்சத் தூரம் போய் மெதுவானது, பின்னால் சிவப்பு லைட் எரிந்தது. நிற்கப்போகிறது என்று அம்ஹா கையைக் காட்டிக்கொண்டு ஓடினாள். லைட் அணைந்தது. வேன் போய்விட்டது. முபாறக் வாப்பாவைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. தண்ணீர் வந்தபோது அவன் கையில் தங்கை மட்டும்தான் இருந்தாள்.

இடித்ததற்கு அவன் ஒருநாளும் அந்த வேன்காரனைத் திட்டியதில்லை. அன்றைக்கு யாருக்குக் கண் தெரிந்தது என்பான். நிற்காமல் போனதைத்தான் அவனால் மன்னிக்க முடியவில்லை. அந்த மோட்டார் சைக்கிளுக்குப் பிறகு அவன் கையில் எந்த வாகனம் வந்தாலும், ஒரு கோழியைத் தட்டினால்கூட இறங்கிப் போய்ச் சொந்தக்காரரைத் தேடிப் பிடிப்பான். லொறி முதலாளி இதற்காக அவனைப் பல தடவை ஏசியிருக்கிறார்.

மதினி அழுகையை நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தார். "எண்ட வாப்பாட மௌத்தையும் இந்த விளையாட்டையும் ஒண்டாக்காத மனே," என்றார். "உன்ட தங்கச்சிக்கு வயசு போகுது. பேசி முடிச்ச மாப்பிள்ள போனா, ஊர் அவளத்தான் ஏதும் கதைக்கும். உன்ன ஒருத்தரும் கதைக்காங்க."

துக்கத்தில் 'உங்கட வாப்பா' என்பதற்குப் பதிலாக 'எண்ட வாப்பா' என்று சொன்னதுகூட அவருக்குத் தெரியவில்லை. முபாறக்கின் முகம் சுருங்கிப்போயிற்று. உம்மா சொன்னதும் உண்மைதான்.

பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்களாக இருக்கவில்லை. முகைதீன்பாவா நாள் குறிக்க வந்து வந்து போனார். ஆலையில் சிறுபோக நெல் வந்து குவியப் போகிறது, அந்த வேலை மும்முரம் தொடங்க முதல் காவின் எழுதிக் கலியாணத்தை முடித்துவிட வேண்டும் என்று ஹாஜியார் அவசரப்படுகிறாராம். மதினி தலையிடி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார். மேல் மாடியில் இடிக்கிற சத்தமும் இல்லை, மெசின் சத்தமும் இல்லை. என் மனைவி புளியாணம் காய்ச்சி மேலே கொடுத்தனுப்பினாள். பாத்திரம் தொடாமல் திரும்பி வந்தது. ஹஸன் நல்ல பிள்ளை போலத்தான் நடந்தான். மதினிக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டு ஒரு சட்டி எருமைத் தயிர் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்த முபாறக்குக்கே மனம் தடுமாறியது. நான் பிழையா நினைக்கிறேனோ சாச்சா என்று என்னிடம் வந்து கேட்டான். ஓம், பிழைதான் என்று நான் அடித்துச் சொன்னேன்.

இத்தனைக்கும் அம்ஹாவை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உம்மா ஒரு பக்கம், காக்கா ஒரு பக்கம், இடையில் நான் என்று எல்லோரும் அவளுக்காகக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் அவளாகவே வாய் திறந்தாள்.

"காக்கா, நாளைக்கு என்னையும் அந்தக் கடைக்குக் கூட்டிப் போங்க. உங்கட பேர்ல நான் ஓடுறன். எனக்குப் பார்க்கணும்," என்றாள்.

குமர்ப்பிள்ளை கொம்யூனிகேசன் கடைக்குப் போவதா என்று மதினி பதறினார். நீங்களும் வாங்க, சாச்சாவும் வரட்டும், நாலு பேராப் போவோம் என்றாள். அவள் குரலில் கெஞ்சல் இல்லை, சண்டையும் இல்லை. இந்த வீட்டுக்கு வரப்போகிறவர் என்னோடுதானே இருக்கப் போகிறார் என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மதினி மறுக்கவில்லை.

றஸாக் மரியாதையான ஆள். அன்று ஜும்ஆவுக்குப் பிறகு மற்றப் பொடியன்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவை இடுப்பளவுக்கு இறக்கி வைத்திருந்தான். வெளியே கச்சான் சீறியது. உள்ளே மின்விசிறி சூட்டைத்தான் சுற்றியது. மதினிக்கு ஒரு கதிரை, எனக்கு ஒரு ஸ்டூல். அம்ஹா பர்தாவைச் சரிசெய்துகொண்டு ஸ்டியறிங்குக்கு முன்னால் இருந்தாள். தையல் மெசின் மிதித்த கால், பெடலை லேசாகப் பிடித்துக்கொண்டது. முபாறக் பின்னால் நின்றான்.

"ஓரமாவே போ. ஆரும் பின்னால வேகமா வந்தா வழி விடு. வளைவுல மட்டும் அவசரப்படாத," என்றான்.

திரையில் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். எல்லாம் நம்மூர்ப் பொடியன்கள் வைக்கிற விசர்ப் பெயர்கள். மில் கிங் முன்வரிசையில் நின்றது. ஐஸ் லொறி கடைசியில். போட்டி தொடங்கியதும் மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். அம்ஹா மாட்டு வண்டில் போலப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்தது, மதினிக்கும் வந்தது. பல நாளைக்குப் பிறகு அவர் சிரித்ததைக் கண்டு எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஒரு சுற்று முடிவதற்குள் முன்னால் போனவர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். அம்ஹா காக்கா சொன்னபடி ஓரமாகப் போய் வழி விட்டாள். ஒருவர் கடந்தார், இன்னொருவர் கடந்தார். வளைவு வந்தது. மில் கிங் உள்பக்கமாகக் குறுக்கே வெட்டி அம்ஹாவின் பின்பக்கத்தில் குத்தினான். திரை சுழன்றது. ஐஸ் லொறி புல்லுக்குள் போய்த் திசை மாறி நின்றது. அந்த வளைவைப் பிடிப்பதற்காக முன்னால் போன அவனுடைய காரின் சிவப்பு லைட் ஒருதரம் எரிந்தது. பிறகு அணைந்தது.

அம்ஹா ஸ்டியறிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் எந்த லைட்டை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எழும்பிப் போவோம் வா மகள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது பின்னால் வந்த இன்னொரு கார் பாதையோரத்தில் மெதுவாகி நின்றது. பெயர் தோஹா பாய். அதுபாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"இவர் ஏன் நிக்கிற?" என்று அம்ஹா கேட்டாள். "இவர் இடிக்கல்லயே."

"நீ ரோட்டுக்கு ஏறுமட்டும் பின்னால வாறவங்க உன்னில மோதிராம மறைச்சிக்கு நிக்காரு," என்றான் முபாறக்.

"ஆரு இவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"தெரியா. கட்டார்ல ஆரோ ஒரு ஆள்."

அவள் மெதுவாகப் பாதைக்கு ஏறினாள். தோஹா பாய் அவளுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் வந்து, பிறகு தன் வழியில் போனார். முகம் தெரியாத அந்த மனிசனுக்கு நான் மனதுக்குள் ஒரு ஸலாம் சொன்னேன்.

அடுத்த சுற்றில் மில் கிங் மறுபடி வந்தான். அதே வளைவு. அம்ஹா இந்த முறை இன்னும் ஓரமாக, ஏறக்குறையப் புல்லில்தான் போனாள். பாதை முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஆனாலும் வந்து குத்தினான். திரைக்குக் கீழே எழுத்து விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். றஸாக் தயங்கித் தயங்கி வாசித்தான்: "ஐஸ் உருகுது."

முபாறக்கின் கை கதிரையின் முதுகை நெரித்தது. நான் அவன் தோளைப் பிடித்தேன். அம்ஹா ஸ்டியறிங்கை விட்டுவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். என்ன எழுதுகிறாள் என்று மதினி கேட்டார். றஸாக் வாசித்தான்: "நான் அம்ஹா."

குமர்ப்பிள்ளையின் பெயரை ஊருக்கு முன்னால் எழுதலாமா என்று மதினி எழும்பியேவிட்டார். அதற்கிடையில் திரையில் மில் கிங் நின்றான். நடுப் பாதையில் அப்படியே நின்றான். பின்னால் வந்த ஒரு கார் அவனில் மோதியது, இன்னொன்று உரசிக்கொண்டு போனது. அவன் அசையவில்லை. அதற்குள் முதலாவது இடத்துக்கு வந்துவிட்டிருந்தவன், போட்டியையே விட்டுவிட்டு நின்றான். எழுத்து மளமளவென்று விழுந்தது. றஸாக் வாசித்தான்: "நீங்களா? அல்லாஹ்வே. நீங்க எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தா இடிச்சிருக்க மாட்டன். மன்னிச்சிக்கங்க. நீங்க முன்னால போங்க. நான் நிக்கிறன்."

மதினியின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "பாருங்க, நிண்டிட்டாரே. மன்னிப்பும் கேட்டுட்டாரே பிள்ள," என்று என் கையைப் பிடித்தார். எனக்கும் பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது. என் கண் பிழைக்கவில்லை என்று நினைத்தேன். முபாறக்கைப் பார்த்து, இப்ப என்ன சொல்லுற என்று கேட்டேன். அவன் நீண்ட மூச்சு விட்டான்.

"சரி சாச்சா. நிண்டுட்டாரு. இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன்," என்றான்.

முகைதீன்பாவாவுக்கு இப்போதே சொல்லிவிடுவோம் என்று மதினி எழும்பினார். அம்ஹா எழும்பவில்லை. திரையில் மில் கிங்கின் காருக்குப் பின்னால் சிவப்பு லைட் எரிந்துகொண்டே இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள்.

"எண்ட பேரக் கண்டதும் நிண்டிட்டாரு உம்மா," என்றாள். "அந்த வேன்காரனுக்கு வாப்பாட பேர் தெரியாமப் போச்சே."

மதினி நின்ற இடத்திலேயே நின்றார். அன்று சஹனில் ஹஸன் யாருக்காகக் காத்திருந்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஆலையின் சொந்தக்காரருக்காக. மதினி மகளிடம் வந்து, அவள் பர்தாவில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, "வா மகள், வீட்ட போவம்," என்றார். றஸாக் கதவை மேலே தள்ளினான். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்ல முகைதீன்பாவாவுக்கு நான்தான் போன் எடுத்தேன்.